கம்பியின் உயரம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 14 வயது. இரண்டு வருடமாகக் கிட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வரும் பிறந்தநாளுக்குப் புதுக் கிட்டார் ஒன்றை வாங்கி, அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்து கொடுக்கலாமா என்று நினைக்கிறேன். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய கிட்டார் வீட்டில் கிடக்கிறது. ஆறு மாதம் அதில் விடாமல் பழகிக் காட்டட்டும், அப்புறம் புதிது வாங்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. இப்போதைக்கு அதை எடுக்கிறாள், கொஞ்ச நேரத்தில் விரல் வலிக்கிறது என்று வைத்துவிடுகிறாள். பெரிய கலைஞர்கள் பலர் மோசமான கிட்டாரில்தானே கற்றார்கள்? நைலான் கம்பி நல்லதா, ஸ்டீல் கம்பி நல்லதா? முழு அளவு வாங்கலாமா? எலெக்ட்ரிக் வேண்டும் என்றால் என்ன சொல்வது? படிப்பு கெடுமோ என்ற கவலையும் உண்டு. வாங்கிய மூன்றாம் மாதம் மூலையில் போட்டுவிட்டால் என்ன செய்வது?

இப்படிக்கு,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிட்டார் ஆசிரியர் நின்றபடியே பதில் சொல்லிவிடுவார். நான் எழுத உட்கார்ந்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்காக. ‘விரல் வலிக்கிறது என்று வைத்துவிடுகிறாள்.’ பிள்ளைகளுக்கு விடாமுயற்சி இல்லை என்று பெரியவர்கள் சொல்லும்போது எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வரி நேராக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மேலே படிப்பதற்கு முன் எழுந்து போய் அந்தப் பழைய கிட்டாரை எடுத்து வாருங்கள். ஒரு ஸ்கேலும் வேண்டும். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். தலைப் பக்கத்திலிருந்து எண்ணி 12-ஆவது ஃப்ரெட்டுக்கு வந்து, அதன் மேல் ஸ்கேலை நிறுத்தி, கம்பி எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். ஸ்டீல் கம்பிக் கிட்டாரானால் தடித்த கம்பி 2.5 மில்லிமீட்டரும் மெல்லிய கம்பி 2 மில்லிமீட்டரும் இருந்தால் கைக்கு இதம். நைலானில் கம்பி அதிகம் அதிரும் என்பதால் 4, 3 என்று கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்த உயரத்தைத்தான் வாசிப்பவர்கள் ஆக்‌ஷன் என்கிறார்கள். உங்கள் வீட்டுக் கிட்டாரில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் இருந்தால் எனக்கு வியப்பாக இராது.

இன்னொரு இடத்தையும் பார்த்துவிடுங்கள். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில், கம்பிகள் பள்ளங்களில் படிந்து போகும் சின்னத் துண்டு ஒன்று இருக்கும். அதுதான் நட். இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் என்ன இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். மயிரிழை அளவுதான் தெரிய வேண்டும். ஒரு கனத்த அட்டையைச் செருகலாம் போலிருந்தால் அந்தப் பள்ளங்கள் போதிய ஆழம் வெட்டப்படவில்லை. பல கம்பிகளை ஒருசேர அழுத்திப் பிடித்து மீட்டும் ஸ்வரக் கூட்டுக்குக் கார்ட் என்று பெயர். தொடக்கத்தில் கற்றுக்கொள்ளும் கார்டுகள் எல்லாமே முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் வருபவை. நட் உயரமாக இருந்தால் வலி முழுவதும் அங்கேதான். கற்றுத் தேர்ந்தவர் கழுத்தின் மேல்பகுதிக்குப் போய்த் தப்பித்துக்கொள்வார். புதிதாக வருகிற பிள்ளைக்குப் போக்கிடம் கிடையாது.

வலியோடு இது முடிவதில்லை. உயரத்தில் இருக்கும் கம்பியைக் கீழே அழுத்தினால் கூடுதலாக இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறுகிறது. ட்யூனர் வைத்து ஆறு கம்பிகளையும் துல்லியமாகக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும், அவள் கார்ட் பிடித்த உடனே அபஸ்வரம் கேட்கும். விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஒலி தப்பாக இருக்கிறது. 14 வயதுப் பிள்ளை அப்போது கருவியைச் சந்தேகப்படமாட்டாள். தனக்குக் காது இல்லை, கை இல்லை, இது தனக்கு வராது என்றுதான் முடிவு கட்டுவாள். நீங்களும் பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டு அதே முடிவுக்கு வந்துகொண்டிருப்பீர்கள்.

பழைய கிட்டார் இப்படி ஆவதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அந்தக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருப்பது போலத்தான். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் கழுத்து முன்னால் வளையும், கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜைச் சுற்றியுள்ள மேல்பலகை உப்பும், கம்பிகள் மேலே போகும். ஸ்டீல் கம்பிக் கிட்டார்களில் பெரும்பாலும் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதைத் திருகி வளைவை ஓரளவு எடுக்கலாம். பிரிட்ஜின் மேல் கம்பிகள் படியும் சேடில் என்ற துண்டைத் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். நட் பள்ளங்களை அதற்கென்று உள்ள அரத்தால் ஆழப்படுத்தலாம். விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவருக்கு இது சின்ன வேலை. இதற்கு செட்டப் என்று பெயர்.

புதியதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். புதுக் கிட்டார்களிலும், முக்கியமாகத் தொடக்கநிலைக் கிட்டார்களில், நட்டை உயரமாகவே விட்டு அனுப்புவது வழக்கம். பள்ளம் கொஞ்சம் அதிகமாக ஆழப்பட்டுவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், நட்டையே மாற்ற வேண்டிவரும். உயரமாக விட்டால் கடையில் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அதைக் கண்டுபிடிப்பது வாங்கிக்கொண்டு போன பிள்ளையின் விரல்தான். ஆகவே உங்கள் பணம் முழுவதையும் கிட்டாரின் விலையிலேயே கரைத்துவிடாதீர்கள். ஒரு படி குறைந்த கிட்டாரை வாங்கி மீதியில் செட்டப் செய்யுங்கள். செட்டப் செய்யாத விலையுயர்ந்த கிட்டாரைவிட, செட்டப் செய்த எளிய கிட்டார் உங்கள் மகளுக்கு நூறு மடங்கு நல்லது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு என் அண்ணன் காரணம். அப்பாவின் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டில் ஒரு கிட்டாரை விட்டுப்போயிருந்தார். அண்ணனுக்கு அப்போது உங்கள் மகளின் வயதுதான் இருக்கும். அவன் அதை எடுத்துக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போவான், கதவு சாத்தியிருக்கும், ஒரே கார்டை மறுபடி மறுபடி அடித்துப் பார்ப்பது கேட்கும். வெளியே வரும்போது இடதுகை விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருப்பான். சுட்டுவிரல் நுனி வெடித்திருந்ததை அம்மா ஒருநாள் சாப்பாட்டின்போது பார்த்துவிட்டாள். அப்பா கெட்டவர் இல்லை, உங்களைப் போலவே பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர். “வலிக்காமல் எந்த வித்தையும் வராது” என்று சொன்னார். அண்ணன் இன்னும் கொஞ்ச காலம் முயன்றான். பிறகு கிட்டார் உறைக்குள் போய்விட்டது. “ஆரம்பிப்பான், முடிக்கமாட்டான்” என்ற சொல் அன்றைக்குப் பிறந்தது. அவனுடைய பரீட்சைகளுக்கும், அவன் விட்ட முதல் வேலைக்கும், பின்னாளில் அவன் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் அந்தச் சொல் முன்னால் போய் நின்றுகொண்டது.

பல வருடம் கழித்து வீட்டுக்கு வந்த ஓர் இசைக்காரர் அந்தக் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தார். கழுத்தை ஒரு கண்ணை மூடி நோட்டம் பார்த்தார். ஒரே ஒரு கார்ட் பிடித்தார். “இதில் யார் பழகினார்கள்? இதை என்னாலேயே வாசிக்க முடியாதே” என்றார். அண்ணன் அங்கேதான் இருந்தான். அப்பாவும் கேட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் அப்பா அந்தப் பழைய சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. எப்படி எடுத்துக்கொள்வது? அதற்குள் அண்ணனே அதை நம்பத் தொடங்கியிருந்தான்.

நீங்கள் சொல்லும் ஆறு மாதச் சோதனையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. கைக்கு எட்டாத உயரத்தில் கம்பி கட்டிய கருவியைக் கொடுத்து, இதில் தேறினால் நல்லது தருகிறேன் என்பது எந்த ஊர் நியாயம்? அதில் தேறுகிற பிள்ளைக்கு இசையின் மேல் காதல் இருக்கிறது என்று நிரூபணமாகாது. அப்பா சொன்னதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற குணம் இருக்கிறது என்று மட்டும் தெரியவரும். தவிர, ஆறு மாத உழைப்புக்கு ஈடாகக் கொடுப்பது கூலி. பிறந்தநாள் பரிசு என்று அதைச் சொல்லாதீர்கள். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் இரண்டு வருடம் ஓர் ஆசையை விடாமல் வைத்திருப்பதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும் உங்களுக்கு?

பெரிய கலைஞர்கள் மோசமான கிட்டாரில் கற்றார்கள் என்பது உண்மைதான். அமெரிக்க நாட்டுப்புற இசைக் கலைஞர் எலிசபெத் காட்டன் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்குக் கம்பி மாட்டிய கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து, தடித்த கம்பிகளை விரல்களாலும் மெல்லிய கம்பிகளைக் கட்டைவிரலாலும் மீட்டித் தனக்கென ஒரு பாணியையே உண்டாக்கினார். இப்படிப்பட்ட கதைகள் நமக்குத் தெரிவது அவர்கள் மீண்டு வந்ததால். மீளாமல் போனவர்கள் பேட்டி கொடுப்பதில்லை. என் அண்ணனை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

கதைதான் வேண்டுமென்றால் பிளாக் சபாத் என்ற ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-இல், 17 வயதில், பர்மிங்ஹாமில் ஓர் உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் சிக்கி வலதுகையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவரும் இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதே கம்பிகளை அழுத்திக்கொண்டிருக்கவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். தடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, பாஞ்சோவுக்கான மெல்லிய கம்பிகளைத் தேடி மாட்டினார். பின்னாளில் கம்பி தளர்வாக இருக்கட்டும் என்று சுருதியையே இறக்கிக்கொண்டார். கருவியைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். அவருக்கு விடாமுயற்சி போதவில்லை என்று யார் சொல்வார்கள்?

வலியே இருக்காது என்று உங்கள் மகளிடம் பொய் சொல்ல வேண்டாம். எவ்வளவு நன்றாகச் செட்டப் செய்தாலும் முதல் சில வாரங்கள் விரல் நுனி எரியும். அப்புறம் தோல் காய்த்துவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல், பத்துப் பத்து நிமிடமாக நாளில் சில தடவை வாசித்தால் அது தாங்கக்கூடியதே. நுனி எரிவது வேறு, மணிக்கட்டிலும் கட்டைவிரலின் அடியிலும் வருகிற வலி வேறு. இரண்டாவது வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். உட்காரும் விதத்திலோ கருவியிலோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

தெரியாமல் வாங்கிவந்து அசத்துவது வேண்டாம். கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். 14 வயதுக்கு முழு அளவு கிட்டார் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கிட்டாரின் உடல் பெரிதாக இருந்தால் வலதுகை தோளோடு தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அவள் மடியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கழுத்தின் அகலமும் அப்படியே. நைலான் கிட்டாரில் நட் அருகே 52 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், ஸ்டீலில் 43 அளவுக்குத்தான். விரல் சிறியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வாசிக்கத் தெரியாதே என்று கூச்சப்படுவாள். உடன் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வந்தால் நல்லது. அவர் வாசிக்க, இவள் எதிரே உட்கார்ந்து கேட்கட்டும். எந்த நிறம் பிடித்திருக்கிறது என்பதையும் அலட்சியம் செய்யாதீர்கள். கண்ணுக்குப் பிடித்த கருவியைக் கை அடிக்கடி எடுக்கும்.

எலெக்ட்ரிக் கேட்டால் எலெக்ட்ரிக் வாங்கிக்கொடுங்கள். முதலில் மின்சாரம் இல்லாத அகூஸ்டிக்கில் கஷ்டப்பட்டுத்தான் எலெக்ட்ரிக்குக்குப் போக வேண்டும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதன் கம்பிகள் மெல்லியவை, அழுத்துவதும் எளிது. ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு சின்ன ஆம்ப் சேர்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். படிப்பு பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

மூன்றாம் மாதம் விட்டுவிட்டால்? விட்டுவிடட்டும். கருவி சரியாக இருந்து, அவளே வாசித்துப் பார்த்து, இது எனக்கு வேண்டாம் என்று வைத்தால் அது அவளுடைய முடிவு. அதற்கு ஒரு பட்டப்பெயர் வைக்காதீர்கள். கிட்டாரை உறைக்குள் போட்டுப் பரண்மேல் ஏற்றவும் வேண்டாம். வெயில் படாத சுவரோரம் ஒரு ஸ்டாண்டில் கண்ணில் படும்படி நிற்கட்டும். எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோது வாசித்துவிட்டு, பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடாமல் இருந்து, பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு மறுபடி எடுத்தவர்.

நைலானா ஸ்டீலா என்று கேட்டிருந்தீர்கள். அவள் வாசிக்க ஆசைப்படும் பாட்டுகளில் எது ஒலிக்கிறதோ அது. ஸ்டீல் என்றால் 0.010 அங்குலத்தில் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் கம்பிகளை மாட்டச் சொல்லுங்கள். புதிய கம்பிக்கு ஏற்ப கழுத்தையும் நட்டையும் சரிசெய்து, அவளையே ஒரு கார்ட் பிடிக்க வைத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். அந்தப் பழைய கிட்டாரையும் கையோடு எடுத்துப்போய்ப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்.