மெய்நிகர் உலகில் பார்மசி வகுப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பார்மசி மாணவர்களுக்கு மெய்நிகர் உலகில் பயிற்சி தொடங்க இருக்கிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: மருந்துச் சீட்டைப் படித்து, நோயாளியிடம் பேசி, மருந்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மேசையிலிருந்து ஆரம்பியுங்கள். நிஜ மருந்தகத்தில் மாணவரைத் தவறு செய்ய விட முடியாது. இங்கே விடலாம், விடவும் வேண்டும்.

ஒரு காட்சியைப் பாருங்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதிய சீட்டு வருகிறது. இந்த நோய்க்கு அதை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும்; சீட்டிலோ 'தினமும்' என்று இருக்கிறது. போதாக்குறைக்கு, சிறுநீர்த் தொற்றுக்காக வேறொரு மருத்துவர் கொடுத்த டிரைமெத்தோபிரிமையும் நோயாளி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படலாம். இந்தத் தகவலைத் திரையில் எழுதி வைக்காதீர்கள். 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று மாணவர் கேட்டால் மட்டுமே நோயாளி சொல்ல வேண்டும். மருத்துவரை அழைக்க மேசையில் ஒரு தொலைபேசி இருக்கட்டும். அதை எடுத்தாரா, எப்போது எடுத்தார் என்பது தானாகப் பதிவாக வேண்டும்.

மாணவர் கவனிக்காமல் மருந்தைக் கொடுத்துவிட்டால் உடனே சிவப்பு எழுத்தில் 'தவறு' என்று காட்ட வேண்டாம். கதையைப் பத்து நாள் முன்னே தள்ளுங்கள். அதே நோயாளி வாய்ப்புண்ணும் காய்ச்சலுமாகத் திரும்பி வரட்டும். என்ன நடந்தது என்பதை மாணவரே தேடிக் கண்டுபிடித்தால், அடுத்த முறை அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்.

கேள்வி: மாத்திரை தயாரிப்பையும் இப்படிச் சொல்லித்தர முடியுமா?

பதில்: முடியும். 2003-இல் வந்த செகண்ட் லைஃப் என்ற இணையவழி மெய்நிகர் உலகில், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 'ஃபார்மடோபியா' என்ற பெயரில் மாத்திரை தயாரிப்புக் கூடம் ஒன்றை அமைத்தது. நீங்கள் அமைக்கும்போது, இயந்திரத்தைச் சுற்றிப் பார்க்க மட்டும் வைத்தால் போதாது. அழுத்தம், வேகம், குருணையின் (மருந்துத் தூளைத் திரட்டிச் செய்த சிறு மணிகள்) ஈரம் மூன்றையும் மாணவர் மாற்ற வேண்டும். மாற்றினால் விளைவு தெரிய வேண்டும். குருணை மிகவும் காய்ந்து, தூள் அதிகமாகி, வேகமும் கூடினால் உள்ளே காற்று அடைபட்டு மாத்திரையின் மேல்பகுதி தனியாகப் பெயரும். அதுதான் கேப்பிங். ஈரம் கூடினால் மாத்திரையை அழுத்தும் அச்சில் (பஞ்ச்) ஒட்டும்.

எடைச் சோதனையில்தான் நிரலாளர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். எல்லா மாத்திரைக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டால் சோதனைக்கே அர்த்தமில்லை. பிரிட்டிஷ் பார்மகோபியா என்ற மருந்துத் தர நூலின் முறைப்படி 20 மாத்திரைகளைத் தனித்தனியே எடை போட வேண்டும். சராசரி 300 மி.கி. என்றால் 5 சதவீத வரம்பு 285 முதல் 315 வரை. அதற்கு வெளியே இரண்டு மாத்திரைகள் வரை போகலாம். ஒன்றுகூட 270-க்குக் கீழோ 330-க்கு மேலோ போகக் கூடாது. குருணை சரியாக வழியாதபோது எடைகள் சிதறும்படி நிரலில் அமையுங்கள். அப்போதுதான் ஹாப்பரில் (குருணை கொட்டும் புனலில்) நடப்பதற்கும் தராசில் தெரிவதற்கும் உள்ள தொடர்பு மாணவருக்குப் புரியும்.

கேள்வி: கிருமியற்ற ஊசி மருந்து தயாரிப்பு?

பதில்: பாதிக்குத்தான் உதவும். வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் லேமினார் ஃப்ளோ மேசையில் குறைந்தது 15 செ.மீ. உள்ளே தள்ளி வேலை செய்யச் சொல்கிறோம். கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டத்தை மெய்நிகர் உலகில் நிறம் கொடுத்துக் காட்டலாம். வடிகட்டிக்கும் ஊசிமுனைக்கும் நடுவே கை வந்தால் ஓட்டம் கலைவது உடனே தெரியும். ஆனால் ஆம்பியூலை (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியை) உடைப்பதும் சிரிஞ்சின் பிஸ்டனை இழுக்கும் பதமும் கைக்குத்தான் பழக வேண்டும். அதற்கு உண்மையான ஆய்வகத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

கேள்வி: மெய்நிகர் காட்சிக்கான தலைக்கவசம் மாட்டினால் சில மாணவர்களுக்குத் தலைசுற்றுகிறதே?

பதில்: உடல் அசையாமல் கண்முன் காட்சி மட்டும் நகர்வதுதான் காரணம். நடக்க வைக்காமல், தொட்ட இடத்துக்குத் தாவும் முறையை வையுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் நிறுத்துங்கள். நோயாளியிடம் பேசும் பயிற்சிக்குச் சாதாரணக் கணினித் திரையே போதும். ஒரே அறையில் பலர் பேசினால் எதிரொலிக்கும், ஆகவே காதில் மாட்டிப் பேசும் ஹெட்செட் ஆளுக்கொன்று கட்டாயம். நடப்பது, பொருளை எடுப்பது, பேசுவது மூன்றையும் மதிப்பெண் இல்லாத ஒரு தனி வகுப்பில் முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். இல்லையென்றால் மருந்தறிவை விட்டுவிட்டு மவுஸ் பழக்கத்துக்குத்தான் மதிப்பெண் போடுவீர்கள். காட்சிக்குச் செலவிட்ட அளவு நேரமாவது பிறகு உட்கார்ந்து பேசவும் ஒதுக்குங்கள். அப்போது பதிவைத் திரையில் ஓட்டி, 'இந்த இடத்தில் ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள்?' என்று கேளுங்கள்.