ஒருவர் கூற்று – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். நான்கு பேர் கொண்ட ராக் குழுவில் பாடுகிறேன். அடுத்த மாதம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்கள் நிகழ்ச்சி. ஹார்ட் குழுவின் 'அலோன்' பாட்டை அங்கே இன்னொரு குழுவின் பாடகரோடு ஜோடியாகப் பாடலாம் என்று திட்டம். முதல் சரணம் எனக்கு, இரண்டாவது அவருக்கு, பல்லவி இருவருக்கும். யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று சரிபாதியாகப் பிரித்துவிட்டோம். எங்கள் கிட்டார்க்காரர் மட்டும், "அது ஓர் ஆள் பாட்டு, கெடுத்துவிடாதீர்கள்" என்கிறார். ராக் பாடகி ஒருத்தி இப்படிப்பட்ட பழைய பாட்டை ஜோடிப் பாட்டாக மாற்றலாமா? சுருதி எங்கே வைப்பது? ஒரு சரணத்தைத் தமிழில் பெயர்த்துப் பாடலாமா? இரண்டு மைக் என்றால் தனி ஏற்பாடு வேண்டுமா? உரிமம் எடுக்க வேண்டுமா? கடைசிப் பல்லவியை நான் தனியாகத் தாங்குவேனா என்ற பயமும் கொஞ்சம் இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கிட்டார்க்காரர் சொன்னது சரி. ஆனால் ஏன் சரி என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஒரு பாட்டை யார் பேசுகிறார்கள் என்று பார்க்காமலே மேடைக்கு எடுத்துப்போகும் பழக்கம் நம் இசைக்குழுக்களில் வேரூன்றிப்போய்விட்டது. கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயம் இது. அதனால்தான் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். தமிழில் பெயர்ப்பது வேண்டாம். நீட்டிப் பிடிக்கும் உயிரெழுத்து எந்தச் சொல்லில் விழுகிறதோ, அந்தச் சொல்லில்தான் இந்தப் பாட்டின் உயிர். ஒரு மாதத்தில் அதை இன்னொரு மொழிக்கு நகர்த்த முடியாது. உரிமம் பாடகியின் தலைவலி அல்ல. பொது நிகழ்ச்சிக்கான இசை உரிமம் எடுத்தாகிவிட்டதா என்று நடத்துபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இனி பாட்டுக்கு வருவோம்.

'அலோன்' பில்லி ஸ்டைன்பெர்க்கும் டாம் கெல்லியும் எழுதியது. ஐ-டென் என்ற பெயரில் 1983இல் அவர்களே அதை வெளியிட்டார்கள், பெரிதாகப் போகவில்லை. 1987இல் ஹார்ட் குழுவுக்காக ஆன் வில்சன் பாடியபோது அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. அதன் முதல் சரணத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடிகாரத்தின் டிக் டிக். இருட்டறை. தூக்கமில்லாமல் படுத்திருக்கும் ஒருத்தி. தொலைபேசியில் அழைக்கிறாள், எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. எடுக்காத அந்த ஆளைத்தான் நீங்கள் மைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்தப் போகிறீர்கள். இரண்டாம் சரணத்தை அவர் பாடத் தொடங்கிய கணத்தில் தொலைபேசி எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு பல்லவியில் நீங்கள் எவ்வளவு உரக்க ஏங்கினாலும், கேட்பவர் காதில் அந்த ஏக்கத்துக்குக் காரணம் இருக்காது.

பாட்டில் யார் பேசுகிறார் என்பதற்கு நம்மிடம் நல்ல பெயர் இருக்கிறது: கூற்று. குறுந்தொகையில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று குறித்திருப்பார்கள். பாட்டுக்கு ஒரே வாய்தான். 28ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஔவையார் பாடியது. ஊர் தூங்குகிறது. காற்று அலைக்கழிக்கிறது. அவள் நோய் யாருக்கும் தெரியவில்லை. முட்டுவேனா, தாக்குவேனா, 'ஆஅ ஒல்' என்று கூவுவேனா என்கிறாள். ஐந்தே அடி. அந்த 'ஆஅ'வைக் கவனியுங்கள். இரண்டு மாத்திரை நெடிலுக்குப் பக்கத்தில் இன்னொரு குறில் சேர்ந்து மூன்று மாத்திரையாக நீளும் அளபெடை அது. வலி தாங்காத இடத்தில் சொல் தீர்ந்துபோய் உயிரெழுத்து மட்டும் நீள்கிறது. மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்கு ஏறும் ராக் பாட்டான பவர் பாலட்டின் பல்லவியில் நான்கு பீட், ஆறு பீட் என்று பிடித்து நிற்கிறீர்களே, அதே வேலைதான். அவள் கூவுவது ஊர் தூங்குவதால். பக்கத்தில் இன்னொருவர் விழித்திருந்தால் கூவ வேண்டியதே இல்லை.

இருவர் பேசும் பாட்டு நம்மிடம் இல்லாமல் இல்லை. கலித்தொகையில் நிறைய உண்டு. கூனியும் குறளனும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் 94ஆம் பாட்டை யாரால் மறக்க முடியும்! ஆனால் அதற்கு யாப்பே வேறு. தனிக் கூற்று அகவலில் நடந்தது. பேச்சும் மறுபேச்சும் வேண்டியபோது கலிப்பாவுக்குப் போனார்கள். தொல்காப்பியர் அதற்கு உறழ்கலி என்று தனி இலக்கணமே வைத்திருக்கிறார்: கூற்றும் மாற்றமும் இடையிடையே கலந்து வருவது. அவர்கள் குறுந்தொகைப் பாட்டு ஒன்றை எடுத்து, இரண்டு அடி அவளுக்கு, மூன்று அடி அவனுக்கு என்று பிரிக்கவில்லை. நீங்கள் செய்திருப்பது அதுதான்.

ராக் இசையிலும் விவரம் தெரிந்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள். லிட்டா ஃபோர்டும் ஆஸி ஆஸ்பர்னும் பாடிய 'க்ளோஸ் மை ஐஸ் ஃபாரெவர்' (1988) இருவர் பாட்டாகவே உருவானது. நம் நாட்டில் தொண்ணூறுகளில் ஏமி சர்ச்சும் இன்கா கிறிஸ்டியும் பாடிய 'சிந்தா கித்தா'வும் அப்படியே; தலைப்பிலேயே 'நம் காதல்' என்று இருவரும் வந்துவிடுகிறார்கள். ஜிம் ஸ்டைன்மன் எழுதிய இரண்டு பாட்டுகள் இன்னும் நுணுக்கமானவை. 1983இல் போனி டைலர் பாடிய 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் த ஹார்ட்'டில் ரோரி டாட் என்ற ஆண் குரல் வருகிறது. 'திரும்பு' என்று அழைப்பதோடு சரி. சரணத்தின் வரிகளை அவர் தொடுவதே இல்லை. அது ஜோடிக் குரல் அல்ல, அவள் தலைக்குள் கேட்கும் குரல். 1993இல் மீட் லோஃப் பாடிய 'ஐ உட் டூ எனிதிங் ஃபார் லவ்' ஏறக்குறைய 12 நிமிடம் ஓடும். முக்கால் பாகம் அவர் தனியாகப் பாடி முடித்த பிறகே லொரெய்ன் கிராஸ்பியின் குரல் நுழைந்து, கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறது. இரண்டாவது குரல் தாமதமாக வந்ததால்தான் அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது.

'சரிபாதி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பாட்டு என்ன பாகப்பிரிவினைச் சொத்தா? இரண்டு பாடகர்களின் மனக்குறையைப் பார்த்த நீங்கள் பாட்டுக்குள் இருக்கும் அவளுடைய குறையைப் பார்க்கவில்லை. இதை நான் உங்களிடம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடிதத்தில் நீங்கள் கேட்டிருக்கும் மற்றக் கேள்விகள் காது உள்ள ஒருவர் கேட்பவை.

சுருதிக்கு வருகிறேன். பாட்டு வாத்தியார் ஆதார சுருதியாக ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டையும் பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டையும் வைப்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளி ராக் பாட்டுக்காக மறைந்துவிடாது. உங்கள் முழுக்குரலின் உச்சம் டி5 (587 ஹெர்ட்ஸ்), அவருடையது ஏ4 (440 ஹெர்ட்ஸ்) என்று வைத்துக்கொள்வோம். பல்லவியின் உச்சம் ஆதார ஸ்வரத்தில் விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு டி மேஜர், அதாவது இரண்டு கட்டை. அவருக்கு ஏ மேஜர், ஆறு கட்டை. உங்கள் சுருதியிலேயே இருவரும் பாடினால் உச்சத்தில் அவர் ஓர் ஆக்டேவ் கீழே டி4-இல் (294 ஹெர்ட்ஸ்) நிற்க வேண்டும். அது அவருக்குச் சற்று உரக்கப் பேசும் இடம். டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் நெரிசலாக நிற்பதும் அதே இடம்தான். குரல் காணாமல் போகும். அவர் சுருதிக்கு நீங்கள் இறங்கினால் அவர் தொண்டை புடைக்கப் பாடும் ஏ4-ஐ நீங்கள் சாதாரணமாகப் பாடிவிடுவீர்கள். அவர் கத்துவது போலவும் நீங்கள் அக்கறையில்லாமல் நிற்பது போலவும் கேட்கும்.

சரணத்துக்குச் சரணம் சுருதி மாற்றலாமே என்பீர்கள். வழி இருக்கிறது, அழகான வழியும்கூட. அவர் சரணம் ஏ-யில் முடியும்போது அந்த ஏ கார்டில் ஜி சேர்த்து ஏ செவன் ஆக்கி ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) நிறுத்தினால், அது தானாக டி-யில் போய் விழும். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு இது அந்நியமல்ல. மத்யமத்தையே ஸட்ஜமாக வைத்துப் பாடும் மத்யம சுருதிதான். திரும்பிப் போக டி, ஈ செவன், ஏ. ஆனால் இந்த வகைப் பாட்டில் இரண்டாம் சரணத்தில்தான் டிரம்ஸும் பேஸும் முழுதாக உள்ளே வரும். வாத்தியங்கள் ஏறும் நேரத்தில் பாட்டு நாலு ஸ்வரம் கீழே இறங்குகிறது. வெள்ளம் ஏறும்போது படகை இறக்குவது போல. கட்டுமானமே எதிர்த்து நிற்கும்.

ஆகவே நான் சொல்வது இது. பாட்டு முழுவதும் உங்கள் கூற்று, சுருதி உங்களுடையது. கிட்டார் சோலோ முடிந்து வரும் கடைசிப் பல்லவியில் மட்டும் அவர் வரட்டும். அதுவரை மேடையில் வெளிச்சம் படாத இடத்தில் நிற்கட்டும். சரணம் வேண்டாம், வசனம் வேண்டாம். உங்கள் டி5-க்குக் கீழே அவர் ஏ4 பிடிக்கட்டும். வழக்கமாக எல்லோரும் மூன்றாவது ஸ்வரத்துக்குத்தான் போவார்கள். டி-க்குக் கீழே மூன்றாவது பி. அது டி கார்டில் இல்லாத ஸ்வரம். பி மைனரின் சாயல் விழுந்து உச்சம் சோர்ந்துபோகும். ஏ-யோ டி கார்டுக்குள்ளேயே இருக்கும் ஸ்வரம், அவருடைய உச்சமும் அதுவே. இருவரும் ஒரே நொடியில் தத்தம் உச்சத்தில் நிற்பீர்கள். ஜோடி என்று உங்கள் மனதில் இருந்தது அந்த நொடிதான் என்று நினைக்கிறேன்.

'அலோன்' என்று நீட்டும்போது இருவர் வாயிலும் ஒரே 'ஓ' இருக்க வேண்டும். ஒருவர் 'ஓ'வும் மற்றவர் 'ஔ'வும் பிடித்தால் சுருதி சரியாக இருந்தாலும் விலகல் கேட்கும். கடைசி 'ன்' எழுத்தைச் சீக்கிரம் மூடாதீர்கள். மூடியதும் ஒலி மூக்குக்குப் போய்ப் பாதியாகிவிடும். எந்த பீட்டில் மூடுவது என்று பேசிவைத்து நீங்கள் மட்டும் 'ன்' சொல்லுங்கள்; அவர் 'ஓ'விலேயே நிறுத்தட்டும். உங்கள் குரலில் அதிர்வு இருந்தால் அவர் நேராகப் பிடிக்க வேண்டும். இரண்டு அதிர்வு சேர்ந்தால் கலங்கும்.

மைக்: திறந்திருக்கும் மைக் ஒன்று இரண்டானால், ஊளைச்சத்தம் வராமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். அவர் வரும்வரை அவருடைய மைக்கை மூடிவைக்கச் சொல்லுங்கள். மேடையில் ஒருவரையொருவர் பார்த்துத் திரும்பாதீர்கள். மைக்கின் முதுகுப் பக்கம் மானிட்டர் (உங்கள் குரலை உங்களுக்கே கேட்கவைக்கும் ஸ்பீக்கர்) இருக்கும்வரைதான் பத்திரம். திரும்பினால் மானிட்டர் பக்கவாட்டில் வந்துவிடும். காதல் பார்வைக்கு இந்தப் பாட்டில் இடமும் இல்லை.

கடைசி வரியில் போகிறபோக்கில் ஒரு பயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். ஜோடி யோசனையே அங்கிருந்துதான் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அம்மா. பயத்தை அளந்து பார்த்துவிடலாம். கடைசிப் பல்லவிவரை உச்ச ஸ்வரம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். பன்னிரண்டு என்றால், கீபோர்டை வைத்து அந்த ஸ்வரத்தை நான்கு பீட் அளவு, இடையில் எட்டு பீட் ஓய்வோடு, பன்னிரண்டு முறை முழுக்குரலில் பிடியுங்கள். ஒன்பதாவதில் கரகரத்தால் அது உங்கள் உச்சமல்ல. பாட்டை அரை ஸ்வரம் இறக்குங்கள். மறுநாள் மீண்டும் பாருங்கள். ஒரு முழு ஸ்வரம் இறக்கினாலும் மண்டபத்தில் யாரும் உங்களைக் குறைத்து மதிக்கப் போவதில்லை. மேடையில் குரல் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் சுருதிகூட அல்ல. தன் குரல் தனக்குக் கேட்காததால் பாடகி தேவைக்கு மேல் தள்ளுகிறாள். மானிட்டரில் உங்கள் குரலும் கீபோர்டும் மட்டும் போதும், கிட்டார் வேண்டாம். அடுத்த காரணம் வேகம். பல்லவி வந்ததும் டிரம்ஸ்காரர் நிமிடத்துக்கு நான்கு பீட் ஓடிவிட்டால், மூச்சு எடுக்க வைத்திருந்த இடம் போய்விடும். அவர் காதில் க்ளிக் (வேகம் காட்டும் தாளச் சத்தம்) கொடுங்கள்.

ஜாமிங் ஸ்டூடியோவில் உட்காரும் முதல் நாளே உங்கள் கிட்டார்க்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்று: அவர் கிட்டார் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்ததா? அப்படியானால் அவர் 'ஈ' என்று சொல்லும் கார்டு ஈ ஃப்ளாட்டாக ஒலிக்கும். பாட்டு கீபோர்டில் தொடங்குகிறது. நீங்கள் அதைப் பிடித்துத்தான் பாடப்போகிறீர்கள். கீபோர்டுக்காரர் அந்த அரை ஸ்வரத்தை மறந்திருந்தால், கிட்டார் உள்ளே வரும்வரை யாருக்கும் தெரியாது. ஒரு தாளில் சுருதியை எழுதி இருவரிடமும் கொடுத்துவிடுங்கள்.