மகள் எடுத்த தலைப்பு சோறு போடுமா?

வணக்கம் அம்மா. எம்.எட். முடித்துத் தனியார் பள்ளியில் இருக்கும் மகள், வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி. சேரப் போவதாகச் சொல்கிறாள். தலைப்பு, ஆசிரியர் கல்வியில் தொழில்நுட்பமும் தொலைநிலைக் கல்வியும். இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் தலைப்பைக் குறை சொல்ல மாட்டேன்.

இது நேற்று முளைத்த விஷயமல்ல. 1975-இல் 'சைட்' செயற்கைக்கோள் தொலைக்காட்சித் திட்டம் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குப் போனபோதே, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தார்கள். அண்மைக் கதை இன்னும் பெரியது. பயிற்சி இல்லாமலே பணியில் இருந்த ஆசிரியர்களுக்காக 2017-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். 18 மாத டி.எல்.எட். (தொடக்கக் கல்விப் பட்டயம்) படிப்பைத் தொடங்கியது. பாடங்கள் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்திலும் ஸ்வயம் பிரபா கல்விச் சேனலிலும் வந்தன. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். இது வழக்கமான இரண்டு ஆண்டு டி.எல்.எட். படிப்புக்குச் சமமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 நவம்பரில் 'சமமல்ல' என்று தீர்ப்பு வந்தது. 2017 ஆகஸ்ட் 10 அன்று பணியில் இருந்து, கெடுவுக்குள் படிப்பை முடித்தவர்களுக்கு அது செல்லும் என்று 2024 டிசம்பரில் தெளிவுபடுத்தினார்கள்.

நீதிமன்றம் பார்த்தது மாதக் கணக்கை. இப்படித் தொலைநிலையில் படித்த டீச்சர் கரும்பலகை முன்னால் நின்றபோது என்ன மாறியது? உங்கள் மகள் தேட வேண்டியது அதைத்தான்.

அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 'இணையவழிக் கல்வி மீது பி.எட். மாணவர்களின் மனப்பான்மை' என்று 300 பேரிடம் வினாத்தாள் கொடுத்து, டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு முடிக்கும் ஆய்வாக இது ஆகிவிடக் கூடாது. அப்படிப்பட்டவை அலமாரி அலமாரியாக இருக்கின்றன. பட்டம் கிடைக்கும், நேர்காணலில் பேச எதுவும் இருக்காது. தொலைநிலையில் பி.எட். படித்த பத்து ஆசிரியர்களின் வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து பார்க்கட்டும். பாடப்பொருள், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் ஆசிரியருக்குள் எப்படிக் கலக்கின்றன என்று மிஸ்ராவும் கோலரும் 2006-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வாசிப்பைத் தொடங்கலாம்.

வேலை? சுயநிதி பி.எட். கல்லூரிகளில் சம்பளம் குறைவு, மறைக்க விரும்பவில்லை. அரசுக் கல்வியியல் கல்லூரி, டயட் எனப்படும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர் பணி, இணையப் பாடம் தயாரிக்கும் நிறுவனங்கள் ஆகியவற்றைக் குறிவைக்க வேண்டும்.

இன்னொன்று, தலைப்பு தொலைநிலைக் கல்வி என்பதற்காகப் பட்டத்தையும் அஞ்சல் வழியில் வாங்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகள் அதை அனுமதிக்கவில்லை. 'ஆன்லைன் பிஎச்.டி.' என்று யாராவது அழைத்தால் பணம் கட்டிவிடாதீர்கள். பகுதிநேரம் உண்டு, பள்ளி நிர்வாகம் தடையின்மைச் சான்று தர வேண்டும். யுஜிசியின் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு முழுநேரமாகவே செய்யலாம். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அந்த முடிவு வரும்வரை ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.