ஓவியரைத் தேடும் முன் எட்டுத் தாள்

வணக்கம். நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்காக ஒரு படப்புத்தகம் எழுதியிருக்கிறேன். காணாமல்போன பூனையைத் தேடும் கதை, 1,400 சொற்கள். தெரிந்த ஓவியர் ஒருவருக்குப் பணம் கொடுத்து முழுக்க வரையவைத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பலாமா?
எம்.

அன்புள்ள எம்.,

இப்போது வரையவைக்க வேண்டாம். படப்புத்தகம் போடும் பதிப்பகங்கள் பெரும்பாலும் ஓவியரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும். கதையை ஏற்ற பிறகும் வரிகளை வெட்டுவார்கள், பக்கங்களை மாற்றுவார்கள். வண்ணம் முடிந்துவிட்டால் ஓவியரின் உழைப்பெல்லாம் வீண்.

முதலில் ஒரு டம்மி, அதாவது கையால் செய்த மாதிரிப் புத்தகம், செய்யுங்கள். எட்டு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்கம். அச்சகத்தில் ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரத்தில் அடங்குவதால் இந்த அளவு வழக்கமாகிவிட்டது. தலைப்பு, பதிப்பு விவரமெல்லாம் முதல் மூன்று பக்கங்களில் போய்விடும். 4 முதல் 31 வரை 14 இரட்டைப் பக்கங்களும் கடைசி ஒற்றைப் பக்கமும் உங்களுக்கு. கதையைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டி, புரட்டிப் புரட்டிச் சத்தமாக வாசியுங்கள்.

'பூனை எங்கே?' என்பது இடப்பக்கத்தில் இருந்தால், எதிர்ப்பக்கத்தில் பூனை உட்கார்ந்திருப்பதைக் குழந்தை அப்போதே பார்த்துவிடும். கேள்வி வலப்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படை எண்ணில் முடியட்டும். புரட்டினால்தான் பூனை வர வேண்டும். தாளின் நுனியைப் பிடித்தபடி குழந்தை காத்திருக்கும் அந்த நொடிக்காகத்தான் இத்தனை வேலையும்.

1,400 சொல் மிக அதிகம். 'ஓடிக்கொண்டிருந்தது' என்று ஒரே சொல்லில் இத்தனையை அடக்கும் தமிழுக்கு 400 தாராளம். 'கறுப்புப் பூனை நனைந்து நடுங்கியபடி மேசைக்கடியில் ஒளிந்திருந்தது' என்று எழுதினால் நிறம், ஈரம், மேசை எல்லாம் படத்திலேயே இருக்கும். பூனையின் 'ஹச்!' என்ற தும்மலைத்தான் வரைய முடியாது. அதை எழுதுங்கள், மற்றதை அடித்துவிடுங்கள். எழுத்தில் வராமல் படத்தில் மட்டும் தெரிய வேண்டியது ஏதாவது இருந்தால் ஒரு வரிக் குறிப்பு போதும். சட்டை நிறமெல்லாம் ஓவியர் பார்த்துக்கொள்வார்.

ஒப்பந்தம் வந்தால் காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான்; எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அட்டையில் ஓவியர் பெயர் உங்கள் பெயருக்குச் சமமான அளவில் வருமா என்பதையும் நீங்களே கேளுங்கள்.