தேசிக்காய், சவர்க்காரம், சுண்ணாம்பு: வாசகர் கேட்டவை

வெள்ளைச் சேட்டில் மீன் குழம்பு சிந்திவிட்டது. சவர்க்காரம் போட்டதும் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. சவர்க்காரத்தில் ஏதும் பிழையா? (உப்புவெளி)

சவர்க்காரத்தில் பிழை இல்லை. அது அமிலத்துக்கு எதிரான காரம், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் நீருக்குள் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அதே விஷயம்தான். சேட்டை நன்றாக அலசிவிட்டு அந்த இடத்தில் இரண்டு சொட்டு தேசிப்புளி விட்டுப் பாருங்கள், கண்முன்னே மறுபடி மஞ்சளாகும். கறை போய்விடாது, நிறம்தான் திரும்பும். கறைக்கு வெயில்தான் மருந்து. குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். நம் ஊர் வெயிலில் ஈரத்தோடு விரித்துப் போடுங்கள்.

சாதாரண தரம் படிக்கிறேன். அமிலமா காரமா என்று காட்டும் பாசிச்சாயத்தாள் வீட்டில் இல்லை. வேறு எதை வைத்துச் சோதிக்கலாம்? (தம்பலகாமம்)

வேலியோரத்துச் சிவப்புச் செவ்வரத்தை போதும். நாலைந்து பூவின் இதழைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தெடுங்கள். அந்த நீர் வினாகிரியில் பளிச்சென்று சிவக்கும், சவர்க்கார நீரில் பச்சையாகும். அப்பச்சோடா, பழப்புளி, சாம்பல் நீர் என்று கையில் கிடைப்பதையெல்லாம் சோதித்துக் கொப்பியில் எழுதி வையுங்கள் தம்பி. படித்து மறந்தாலும் பார்த்தது மறக்காது.

சுறா வெட்டும்போது மட்டும் மூக்கைத் துளைக்கிற நெடி வருகிறதே, ஏன்? பழப்புளி போட்டால் அது எப்படி அடங்குகிறது? (மூதூர்)

கடலின் உப்பைச் சமாளிக்கச் சுறா தன் உடலில் யூரியாவைச் சேர்த்து வைக்கிறது. செத்த பிறகு நுண்ணுயிர்கள் அந்த யூரியாவை அமோனியாவாக உடைக்கின்றன. மூக்கில் ஏறுவது அதுதான். அமோனியா ஒரு மூலம், அதாவது காரத்தைப் போல அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள். பழப்புளியில் தார்த்தாரிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உப்பாகிவிடும், உப்பு ஆவியாகிப் பறக்காது, நெடியும் அடங்கும். மற்ற மீன்களின் வெடுக்குக்கு டிரைமெதைல் அமைன் என்று இன்னொரு மூலம் காரணம். அதற்குத்தான் தேசிக்காய் பிழிகிறோம். ஒன்று கவனம்: புளி நெடியை அடக்குமே தவிர, பழுதான மீனை நல்ல மீனாக்காது. வாங்கும்போதே நெடி தூக்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

காரத்தன்மையுள்ள நீர் குடித்தால் இரத்தம் சுத்தமாகுமாம். உண்மையா? (திருகோணமலை நகரம்)

இல்லை. குடித்த நீர் முதலில் இரைப்பையின் ஐதரோகுளோரிக் அமிலத்தில் போய் விழும். இரத்தத்தின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். அந்தக் காசுக்கு இளநீர் குடிக்கலாம்.

மலசலகூடம் கழுவ அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினேன். இருமல் நிற்கவே இல்லை. (கிண்ணியா)

இனி ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல் முதலாம் உலகப் போரில் படைவீரர்கள் மேல் திறந்துவிட்டது இதே வாயுதான். சின்ன அறை, பூட்டிய கதவு என்றால் ஆபத்து இன்னும் கூட. இப்போதும் இருமலோ மூச்சு முட்டலோ இருந்தால் இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பேரப்பிள்ளை வெற்றிலைத் தட்டத்தில் இருந்த சுண்ணாம்பைத் தொட்டுக் கண்ணில் தேய்த்துவிட்டான். உடனே கழுவியதால் தப்பினான். வாயில் போடுகிற சாமான் கண்ணை இவ்வளவு எரிக்குமா? (நிலாவெளி)

எரிக்கும் அம்மா. பார்வையையே பறிக்கும். அமிலம் என்றால் எல்லோருக்கும் பயம், காரம் என்றால் ஒருவருக்கும் பயமில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. நடுநிலை 7 என்றால் சுண்ணாம்பின் பிஎச் 12ஐத் தாண்டும். ஒரு படிக்குப் பத்து மடங்கு என்று கணக்குப் பாருங்கள். வெற்றிலையில் நாம் தடவுவது ஒரு துளி, அதுவும் பாக்கோடும் எச்சிலோடும் கலந்துவிடுகிறது. அப்படியும் கொஞ்சம் கூடினால் வாய் வெந்துபோகிறதே!

சவர்க்காரக் கை வழுவழுப்பது எல்லோருக்கும் தெரியும். கடுமையான காரம் பட்ட விரலும் அப்படித்தான் வழுவழுக்கும். அங்கே நம் தோலின் கொழுப்பே சவர்க்காரமாக மாறத் தொடங்கியிருக்கும். பெரும்பாலான அமிலங்கள் பட்ட இடத்தில் புரதத்தை உறைய வைக்கும், அந்த உறைவே ஓரளவு தடுப்பாகும். காரம் அப்படி நிற்காது, கரைத்துக்கொண்டே உள்ளே போகும். கண்ணின் முன்படலம் எவ்வளவு மெல்லியது!

நீங்கள் உடனே கழுவியது மிகச் சரி. இனி யாருக்காவது நடந்தால், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு சுத்தமான நீரைக் குறைந்தது 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். இமைக்குள் ஒட்டிய துகளும் போகவேண்டும். எதிரெதிர் என்று நினைத்துத் தேசிப்புளி விடவே கூடாது, பாலும் வேண்டாம். அப்புறம் நேரே வைத்தியசாலை. உங்கள் பேரனையும் ஒருதடவை கண் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள், சுண்ணாம்பு செய்த காயம் வெளியே தெரியாமலும் இருக்கும்.