வட்டக்கானல் போய்வந்த நாய்க்கு ஒரு மூக்கில் மட்டும் ரத்தம்

பெரும்பாலும் உங்கள் நாயின் மூக்குக்குள் ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில், டால்பின் நோஸ் பாறைக்குப் போகும் பாதையில் ஓடைத் தண்ணீர் குடித்தான், வந்ததிலிருந்து தும்மல், இடது மூக்கில் மட்டும் ரத்தம் சொட்டுகிறது என்கிறீர்கள். அதற்கு இது அப்படியே பொருந்துகிறது. புல்லில் காலைப் பிடிக்கும் அட்டை வேறு. இது ஓடையில் இருப்பது, குடிக்கக் குனியும்போது நூல் கனத்தில் உள்ளே போய் ரத்தம் குடித்துப் பெரிதாகும். மாடுகளுக்கு இது சகஜம்.

இன்று இரவே பார்த்துவிடலாம். இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாதீர்கள். அப்புறம் அகலமான கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். அவன் குடிக்கும்போது பக்கவாட்டில் டார்ச் அடித்து மூக்குத் துவாரத்தையே கவனியுங்கள். தண்ணீரின் ஈரத்தை நாடி, கருப்பாக, வழவழவென்று அட்டையின் நுனி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். வெறும் விரலில் வழுக்கும். காஸ் துணியால் (காயத்துக்குக் கட்டும் வலைத்துணி) பிடித்து, அதுவாக விடும்வரை மெதுவாக இழுக்க வேண்டும். நாய் திமிறினால் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். உப்பு, புகையிலைத் தண்ணீர் எதையும் மூக்கில் ஊற்றாதீர்கள். யாராவது கட்டாயம் சொல்வார்கள்!

ஒன்று மட்டும் கவனம். உண்ணி கடித்து நாய்க்கு வரும் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரும். ஈறு வெளுத்திருந்தாலோ, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ அட்டையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ரத்தப் பரிசோதனை எடுத்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், ரத்தப்போக்கு கூடும்.

அடுத்த முறை அவனுக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். ஓடைப் பக்கம் கயிறு கையில் இருக்கட்டும்.