குக்கர் வாஷர் தேடினால் கார் கழுவும் மெஷின் வருகிறதா?

கேள்வி: ஐந்து லிட்டர் குக்கருக்கு ஆன்லைனில் 'பிரஷர் குக்கர் வாஷர்' என்று தேடினால் கார் கழுவும் மெஷினாக வருகிறது. '5 லிட்டருக்குப் பொருந்தும்' என்று போட்டிருந்ததை வாங்கினேன், மூடியில் உட்காரவில்லை. இரண்டு முறை இப்படி. என்ன செய்வது? – வாசகி, தக்கலை

பதில்: தேடும் சொல்லை மாற்றுங்கள். நாம் வாஷர் என்பதைக் கம்பெனிகள் கேஸ்கெட் அல்லது சீலிங் ரிங் என்று எழுதுகின்றன. 'பிரஷர் வாஷர்' என்றால் தண்ணீர் பீய்ச்சும் மெஷின். கம்பெனி பெயர், மாடல் பெயர், கேஸ்கெட் என்ற வரிசையில் தட்டுங்கள். மாடல் பெயர் பெரும்பாலும் குக்கரின் அடியிலோ கைப்பிடியிலோ இருக்கும். தேடும் முன் உங்கள் 629 பின்கோடைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நம் ஊருக்கு வராத சரக்கும் பட்டியலில் நிற்கும்.

உங்களை ஏமாற்றியது அந்த லிட்டர் கணக்குதான். லிட்டர் என்பது பாத்திரம் கொள்ளும் அளவு. வாஷருக்கு வேண்டியது வாயின் அகலம். ஒரே கம்பெனி, ஒரே லிட்டர் என்றாலும் உயரமான குக்கருக்கு வாய் குறுகல். அகலமான 'வைட்' மாடலுக்கு வாய் பெரிது. லிட்டர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒன்றின் வாஷர் மற்றொன்றில் ஏறிவிடாது. மூடியும் இரண்டு விதம்: ஹாக்கின்ஸ் போல உள்ளே இறங்கிப் பூட்டுவதில் வாஷர் மூடியின் விளிம்பைச் சுற்றி நிற்கும், வெளியே மூடுவதில் மூடிக்குள் பள்ளத்தில் உட்காரும். 'எல்லா குக்கருக்கும்' என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம்.

மாடல் பெயர் அழிந்திருந்தால் பழைய வாஷரின் வெளி ஓரத்தைச் சுற்றி நூல் வையுங்கள். நூலின் நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டம்: 754 மி.மீ. நூல் என்றால் 240 மி.மீ. வாஷர் இழுபட்டுத் தளர்ந்திருந்தால் கணக்கு பிசகும். அப்போது மூடியையே எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போவதுதான் சரி. பொருந்தாததை வெட்டி ஒட்டிப் போடாதீர்கள். ஓரத்தில் ஆவி கசியும், விசில் வராது, தண்ணீர் வற்றி அடிபிடிக்கும், சேஃப்டி வால்வு உருகும். இந்த விட்டத்தை ஒரு வரியில் போட விற்பவர்களுக்கு என்ன கஷ்டம்? தேடும் பக்கத்தில் மூடி விதம், மி.மீ. என்று இரண்டு ஃபில்டர் வைத்தால் தீரும் வேலைக்கு, வீட்டிலிருப்பவர்கள் நூல் பிடித்து அளக்க வேண்டியிருக்கிறது.

காசைத் திரும்பக் கேட்கும்போது மிகவும் கவனம். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. 'ரீஃபண்ட் போடுகிறேன்' என்று க்யூஆர் கோடு அனுப்புவார்கள், திரையைப் பகிரும் ஆப் போடச் சொல்வார்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் அது திருட்டு. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஆர்டரிட்ட ஆப்பின் 'உதவி' பகுதி மட்டும்தான் உங்கள் வழி. ஓடிபியை ஆர்டர் போட்டுத் தரும் கடைக்காரரிடம்கூடச் சொல்லாதீர்கள்.

ஆப்பில் தீராவிட்டால் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசியாக நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 'பொருந்தும்' என்று எழுதியிருந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் போனதும் அவர்கள் அந்த வரியை மாற்றிவிடலாம்.